எட்டு நிமிஷத்துக்குள்ள சிவக்கணும்

மாப்ளே: அந்த ஃபேன் றெக்கையை எத்தனை தடவைதான் தொடைப்பீங்க மச்சான்? அதுல இருக்கற பெயின்ட்டே போயிடும் போலிருக்கு.

மச்சான்: தூசி விழுந்தா உன் வேலை கெட்டுப்போகும்னு நீதானே சொன்ன?

மாப்ளே: சொன்னேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சொன்னேன். அப்ப வரல. இன்னிக்குக் காலைல எட்டரைக்கே ஏணியோட வந்து நிக்கறீங்க.

மச்சான்: எலக்ட்ரீஷியன் ஏணியோட வராம குடையோடவா வருவான்?

மாப்ளே: இன்னிக்கு உங்களுக்கு இந்த மாடியில வேலையே இல்ல. கீழ போர்டுல பார்த்துட்டுத்தான் வந்தேன். பம்பு ரூம், மோட்டார்னு எழுதியிருக்கு.

மச்சான்: மோட்டார் எங்க ஓடிடப்போகுது... ஓடாததாலதானே கூப்பிட்டிருக்காங்க.

மாப்ளே: நல்லா பேசுங்க. எதுக்கு வந்தீங்க, அதச் சொல்லுங்க.

மச்சான்: உங்கக்காதான்டா... தம்பி பக்கத்துல போய் நில்லுங்கன்னா. இன்னிக்குத்தானே உன்னோட தொண்ணூறாவது நாள்?

மாப்ளே: ஆமா.

மச்சான்: அப்ப இன்னிக்குத் தெரிஞ்சிடுமா?

மாப்ளே: எட்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

மச்சான்: அஞ்சு வருஷம் படிச்சு, மூணு வருஷம் இந்த லேப் ரூம்லயே உக்காந்து... கடைசியில எட்டே நிமிஷமா?

மாப்ளே: நீங்க இறங்குங்க முதல்ல. ஏணி ஆடுது.

மச்சான்: ஏணிக்குக் கால் சரியில்ல.

மாப்ளே: இறங்குங்க மச்சான்... ஆங். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?

மச்சான்: வேணாம். மாப்ளே... ஒண்ணு கேட்கலாமா?

மாப்ளே: கேளுங்க.

மச்சான்: அது... இல்ல, ஒண்ணுமில்ல. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நீ என்னதான் பண்ற? கல்யாண வீட்ல யாராவது மச்சினன் என்ன பண்றான்னு கேட்டா, தண்ணி மேல எண்ணெயை விட்டுக் கண்ணாடியால வழிக்கிறான்னு சொல்லிட்டு வந்துடறேன்.

மாப்ளே: அட, கிட்டத்தட்ட சரிதான் அது!

மச்சான்: சரியா? சும்மா கிண்டலுக்குச் சொல்லிட்டு இருந்தேன்டா.

மாப்ளே: அதோ அந்தத் தொட்டி இருக்குல்ல? அதுல தண்ணி. தண்ணி மேல ஒரு துளி கொழுப்பு. அது பரவி ஒரு படலமா நிக்கும். பால் மேல ஆடை கட்டுமே, அந்த மாதிரி. ஆனா கண்ணுக்கே தெரியாத மெல்லிசு.

மச்சான்: சரி.

மாப்ளே: தண்ணிக்குள்ள என்சைம் கரைச்சிருக்கேன். அது மேல வந்து அந்தப் படலத்துல ஒட்டிக்கும். அப்புறம் ஒரு கண்ணாடித் துண்டை மெதுவா இறக்கி மெதுவா ஏத்தினா, படலம் என்சைமோட அப்படியே கண்ணாடியில படிஞ்சிடும்.

மச்சான்: என்சைம்னா?

மாப்ளே: வேலைக்காரன்னு வெச்சுக்குங்க. இவனுக்கு ஒரே வேலைதான் தெரியும். யூரியாவைப் பார்த்தா உடைப்பான். வேற எது குடுத்தாலும் தொட மாட்டான்.

மச்சான்: நம்ம ஆபீஸ்ல பாதிப் பேர் அப்படித்தான். அந்த ஒரு வேலையையும் செய்ய மாட்டாங்க.

மாப்ளே: இவன் செய்வான். ஆனா சுகவாசி. சும்மா தண்ணியில கரைச்சு வெச்சா நாள் ஆக ஆகச் சுருண்டு போயிடுவான். கொஞ்சம் சூடு பட்டாப் போதும், ஆள் காலி.

மச்சான்: சூடு... பட்டா காலியா?

மாப்ளே: ம். அதனாலதான் ஃப்ரிட்ஜ். ஏன் முகம் இப்படி ஆகுது?

மச்சான்: புழுக்கம்டா. ஃபேனை நிறுத்தியிருக்கல்ல.

மாப்ளே: படலத்துல உக்கார வெச்சா தாக்குப்பிடிப்பான்னு எங்க கணக்கு. கெட்டியா ஒட்டினா கை கால் அசைக்க முடியாது, வேலை செய்ய மாட்டான். லூசா விட்டா கழண்டு போயிடுவான். கொழுப்புப் படலம் ரெண்டுக்கும் நடுவுல. பிடிச்சும் பிடிக்காம வெச்சுக்கும்.

மச்சான்: உங்கக்கா என்னை வெச்சிருக்கற மாதிரி.

மாப்ளே: இத அவகிட்ட சொல்லட்டுமா?

மச்சான்: டேய்...

மாப்ளே: சிரிச்சீங்களே, அது போதும். வந்ததுலேர்ந்து இப்பத்தான் சிரிக்கறீங்க.

மச்சான்: சரி, தொண்ணூறு நாள் தாக்குப்பிடிச்சா என்ன ஆகும்?

மாப்ளே: கிட்னி கெட்டுப்போனவங்க ரத்தத்துல யூரியா எவ்வளவு இருக்குனு அடிக்கடி பார்க்கணும். அதுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு தூரம் பஸ் பிடிச்சு வராங்க. இவனை ஒரு துண்டுக் கண்ணாடியில உயிரோட வெச்சுக் குடுத்துட்டா, பக்கத்துத் தெரு நர்ஸே பார்த்துச் சொல்லிடலாம்.

மச்சான்: நான் அதக் கேட்கல. உனக்கு என்ன ஆகும்?

மாப்ளே: ...நாளைக்குக் கமிட்டி. தொண்ணூறாவது நாள் பாதி பலமாவது மிச்சம் இருந்தா இன்னும் மூணு வருஷத்துக்குப் பணம் குடுப்பாங்க.

மச்சான்: இல்லேன்னா?

மாப்ளே: இல்லேன்னா மாசக் கடைசியில இந்த ரூமைப் பூட்டிச் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எங்க லேப் மேடம் முகத்துக்கு நேராச் சொல்லிட்டாங்க.

மச்சான்: அந்தப் பூதக்கண்ணாடி போட்ட அம்மாவா? அது சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.

மாப்ளே: நல்லவங்கதான். அவங்களாலயும் இதுக்கு மேல இழுக்க முடியாது.

மச்சான்: மாப்ளே, ஒரு வேளை... பேச்சுக்குச் சொல்றேன்... ஒரு வேளை சரியா வரலேன்னா, அது உன் தப்பா இருக்கணும்னு இல்லையே? வேற எதாவது காரணம்...

மாப்ளே: என்ன காரணம்?

மச்சான்: பேச்சுக்குத்தான்டா.

மாப்ளே: பேச்சைப் பிறகு வெச்சுக்கலாம். மணி ஒம்பதேகால். ஆரம்பிக்கறேன். இந்த வெள்ளைப் பேப்பரைப் பிடிங்க.

மச்சான்: எதுக்கு?

மாப்ளே: ரெண்டு டியூபுக்கும் பின்னாடி பிடிக்கணும். வெள்ளையா இருந்தாத்தான் நிறம் சரியாத் தெரியும். ரெண்டு கையாலயும்... இன்னும் கொஞ்சம் மேல... ஆங், அப்படியே. சிலையா நிக்கணும்.

மச்சான்: இது என்ன, மஞ்சத் தண்ணி?

மாப்ளே: யூரியாவும் ஒரு சாயமும். நம்ம ஆள் உயிரோட இருந்தா யூரியாவை உடைப்பான். உடைச்சா மஞ்சள் மாறி ரோஸ் கலராகும். முதல் நாள் நாலு நிமிஷத்துல சிவந்துச்சு.

மச்சான்: அப்ப எட்டு நிமிஷம்னா பாதி வேகம்.

மாப்ளே: பார்த்தீங்களா, நீங்களே கமிட்டியில உக்காரலாம்.

மச்சான்: ரெண்டு டியூப் எதுக்கு?

மாப்ளே: இடது பக்கம், சும்மா தண்ணியில கரைச்சு வெச்சது. வலது பக்கம் படலத்துல உக்கார்ந்தவன். ரெண்டு பேருக்கும் ஒரே ஃப்ரிட்ஜ், ஒரே தட்டு, ஒரே தொண்ணூறு நாள். இதோ போட்டுட்டேன். வாட்சை அழுத்திட்டேன்.

மச்சான்: மஞ்சளாத்தான் இருக்கு.

மாப்ளே: இன்னும் பத்து செகண்ட் கூட ஆகல மச்சான்.

மச்சான்: சரி, சரி... மூச்சு விடலாமா?

மாப்ளே: விடுங்க. பேப்பர் ஆடாம விடுங்க.

மச்சான்: மூக்கு அரிக்குதுடா.

மாப்ளே: அரிக்கட்டும். கையை எடுக்காதீங்க.

மச்சான்: எவ்வளவு ஆச்சு?

மாப்ளே: ஒன்றரை நிமிஷம்.

மச்சான்: பேசிட்டே இரு. சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கு.

மாப்ளே: நான் பட வேண்டிய பயத்தை நீங்க வாங்கி வெச்சிருக்கீங்க. உங்க பொண்ணு, பெரியவ, எப்படி இருக்கா?

மச்சான்: பல்லு விழுந்துடுச்சு. முன்பல்லு ரெண்டு. உன்னை மாதிரியே சிரிக்கறா.

மாப்ளே: உங்க பர்மனென்ட் ஆர்டர்?

மச்சான்: இந்த மாசம் வரும்னு ஆபீசர் சொல்லியிருக்காரு. ஆறு வருஷமா இதேதான் சொல்றாரு. ஆனா இந்தத் தடவை ஃபைலைக் கண்ணால பார்த்தேன். ஒரு புகார் இல்ல, ஒரு மெமோ இல்ல, சுத்தமா இருக்கு... இது வரைக்கும்.

மாப்ளே: இது வரைக்கும்னா?

மச்சான்: எவ்வளவு ஆச்சு?

மாப்ளே: நாலு.

மச்சான்: நாலா? ரெண்டுமே மஞ்சளா இருக்கேடா!

மாப்ளே: முதல் நாள் மாதிரி நாலுல வராது. யாரும் எதிர்பார்க்கல.

மச்சான்: செத்துட்டான்... அவன் செத்துட்டான் மாப்ளே.

மாப்ளே: வாயைக் கழுவுங்க. உங்க ஃபோன் அடிக்குது.

மச்சான்: அடிக்கட்டும்.

மாப்ளே: சட்டைப் பையில கிடந்து உதறுது, பேப்பர் ஆடுது. இருங்க, நான் எடுக்கறேன்.

மச்சான்: வேணாம்! எடுக்காத... டேய், என் கை ரெண்டும்...

மாப்ளே: அக்காதான். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்க அசையாதீங்க.

மச்சான்: டேய் டேய் டேய்...

அக்கா: என்னங்க, சொல்லிட்டீங்களா இல்லையா? ராத்திரி பூரா கூரையைப் பார்த்துட்டுப் படுத்திருந்தா ஆச்சா? ஃப்ரிட்ஜ் விஷயத்தை அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நாளைக்குக் கமிட்டி முன்னாடி அவன் ஒண்ணுமே தெரியாம போய் நிக்கப் போறான். ஹலோ? காது கேட்குதா? ஏங்க?

மாப்ளே: அக்கா...

அக்கா: ஐயோ. நீயாடா?

மாப்ளே: நான்தான்.

அக்கா: அவர் எங்க?

மாப்ளே: பேப்பரைப் பிடிச்சிட்டு நிக்கறார். கண்ணை மூடிக்கிட்டார்.

அக்கா: சொன்னாரா?

மாப்ளே: நீ சொல்லிட்ட.

அக்கா: தம்பி, அவர் வேணும்னு பண்ணல. நேத்து வந்ததுலேர்ந்து ஒரு வாய் சோறு இறங்கல...

மச்சான்: மாப்ளே...

மாப்ளே: இருங்க மச்சான்.

மச்சான்: டேய், மாப்ளே...

மாப்ளே: அக்கா பேசிட்டிருக்கா, இருங்கன்னு சொல்றேன்ல.

மச்சான்: அட, பேச்சை விட்றா! டியூபைப் பாருடா! வலது பக்கம்!

அக்கா: என்னடா? என்ன சத்தம் அங்க?

மச்சான்: வாட்சு! வாட்சை அழுத்து!

மாப்ளே: அழுத்திட்டேன்... அழுத்திட்டேன்.

மச்சான்: எவ்வளவு?

மாப்ளே: ஆறு... ஆறு நிமிஷம் நாப்பது செகண்ட்.

மச்சான்: எட்டுக்குள்ளதானே? ஆறு எட்டுக்குள்ளதானே? எனக்குக் கணக்கே மறந்துபோச்சு.

மாப்ளே: எட்டுக்குள்ளதான். நூத்துக்கு அறுபது மிச்சம் இருக்கு மச்சான். அறுபது!

அக்கா: யாராவது எனக்குச் சொல்லுங்களேன்!

மச்சான்: சிவந்துடுச்சு! உன் தம்பி தண்ணி சிவந்துடுச்சு! வலது பக்கம் ரோஸ் கலரு, பெரியவ ரிப்பன் மாதிரி!

அக்கா: அப்படின்னா ஜெயிச்சுட்டானா?

மாப்ளே: ஆமாக்கா.

அக்கா: அழறியா?

மாப்ளே: இல்ல... ஆமா. நீ அழறியா?

அக்கா: நான் ஏன் அழறேன், வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன். வைடா ஃபோனை. அவரைச் சாப்பிடச் சொல்லு.

மச்சான்: வெச்சுட்டாளா?

மாப்ளே: வெச்சுட்டா. நீங்க பேப்பரைக் கீழ வைக்கலாம்.

மச்சான்: வைக்கலாமா? கை மரத்துப்போச்சு... இடது பக்கத்து டியூப் அப்படியே மஞ்சளா இருக்கே.

மாப்ளே: அது சிவக்காது. நாளைக்கு வரைக்கும் வெச்சிருந்தாலும் சிவக்காது.

மச்சான்: ...சரி. இப்பச் சொல்லிடறேன். திட்டறதா இருந்தா கடைசியில மொத்தமா திட்டு.

மாப்ளே: சொல்லுங்க.

மச்சான்: பெயின்ட் அடிச்சப்ப இந்த ரூம் பிளக் பாயின்ட் மூடியெல்லாம் கழட்டினேன் இல்ல? அழுக்கா இருக்கேன்னு சோப்புத் தண்ணியில ஊறப் போட்டேன். பளபளன்னு தேய்ச்சேன். பெருமையா இருந்துச்சு.

மாப்ளே: ம்.

மச்சான்: சிவப்பு மூடி போட்ட பாயின்ட்ல எப்பவும் கரன்ட் இருக்கும். வெள்ளை மூடி போட்டது, சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ச்மேன் மெயினை இறக்கினா போயிடும். இந்தக் கட்டடத்துல சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஃப்ரிட்ஜை எப்பவும் சிவப்புலதான் சொருகணும்.

மாப்ளே: நானும் சிவப்புலதான் சொருகினேன்.

மச்சான்: நீ சரியாத்தான்டா சொருகின. நான்தான் மூடியைத் திருப்பி மாட்டறப்ப மாத்தி மாட்டிட்டேன். சிவப்பு மூடிக்குப் பின்னாடி இருந்தது வெள்ளை லைன். மூணு மாசமா தினமும் சாயங்காலம் ஆறுலேர்ந்து காலைல எட்டு வரைக்கும் உன் ஃப்ரிட்ஜு வெறும் பீரோ.

மாப்ளே: நேத்துத்தான் பார்த்தீங்களா?

மச்சான்: நேத்து சாயங்காலம். வராண்டாவுல டியூப் லைட் மாத்திட்டு, ஸ்க்ரூ டிரைவரை விட்டுட்டேனேன்னு இங்க எட்டிப் பார்த்தேன். நீ கிளம்பிட்ட. வாட்ச்மேன் மெயினை இறக்கினான். ஃப்ரிட்ஜோட மூச்சு நின்னுச்சு. என் மூச்சும் நின்னுச்சு. உடனே மூடியைச் சரியா மாட்டிப் பிளக்கை மாத்திச் சொருகினேன். ஆனா எண்பத்தொம்பது நாள் போனது போனதுதானே.

மாப்ளே: போகட்டும். அதான் சிவந்துடுச்சே.

மச்சான்: உனக்குக் கோபம் வரலையா?

மாப்ளே: வரல.

மச்சான்: ஒரு வார்த்தை திட்டுடா. வயிறாவது நிறையும்.

மாப்ளே: யோசிச்சுப் பாருங்க மச்சான். ஃப்ரிட்ஜ் ஒழுங்கா ஓடியிருந்தா என்ன சொல்லியிருப்போம்? குளிர்ல வெச்சா தாக்குப்பிடிக்குதுன்னு சொல்லியிருப்போம். இப்ப? ராத்திரிக்கு ராத்திரி இருபத்தொம்பது டிகிரிக்குப் போயும் அறுபது மிச்சம். ஃப்ரிட்ஜே இல்லாத ஊர்ல கூட இதை வெச்சுக்கலாம்னு அர்த்தம். பக்கத்து டியூப்ல இருந்தவன் செத்துட்டான், இவன் நிக்கறான்.

மச்சான்: அப்ப என் தப்பு நல்லதாப் போச்சா?

மாப்ளே: தப்பு தப்புதான். ஆனா அதையும் சேர்த்து எழுதினாத்தான் இந்த அறுபதுக்கு மதிப்பே.

மச்சான்: எழுதணும். கட்டாயம் எழுதணும். நானே இப்பப் போய் ஆபீசர்கிட்ட... இரு. ஒரு நிமிஷம் இரு.

மாப்ளே: என்ன?

மச்சான்: இருபத்தொம்பது டிகிரின்னு யார் சொன்னா?

மாப்ளே: ...நீங்கதானே.

மச்சான்: நான் டிகிரியே சொல்லல. எனக்கே தெரியாது. நான் கையை உள்ள விட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மாப்ளே: ரூம் சூடு அவ்வளவுதானே இருக்கும். ஒரு குத்துமதிப்பு...

மச்சான்: குத்துமதிப்புக்காரன் முப்பதுன்னு சொல்லுவான். அளந்தவன்தான் இருபத்தொம்பதுன்னு சொல்லுவான். ஆறு வருஷமா மீட்டர் பார்க்கறவன்டா நான். உனக்குத் தெரியும்.

மாப்ளே: ...தெரியும்.

மச்சான்: எத்தனை நாளா?

மாப்ளே: பதினோராவது நாள்லேர்ந்து.

மச்சான்: பதினோரா... எப்படி?

மாப்ளே: ஒரு நாள் ஏழரைக்கே வந்துட்டேன். ஃப்ரிட்ஜைத் திறந்தா உள்ள வெளிச்சம் இல்ல. தட்டெல்லாம் வேர்த்திருந்துச்சு. உள்ள ஒரு தெர்மாமீட்டரை வெச்சேன். ராத்திரி அதிகபட்சம் எவ்வளவு போச்சுனு ஞாபகம் வெச்சுக்கற வகை. தினமும் காலைல பார்த்து எழுதிட்டு வரேன். இன்னிக்குக் காலைல நாலு டிகிரிதான் காட்டுச்சு. யாரோ சரி பண்ணிட்டாங்கன்னு தெரிஞ்சது. பத்து நிமிஷத்துல நீங்க ஏணியோட வந்தீங்க.

மச்சான்: அடப்பாவி... நான் ஃபேன் தொடைக்கறப்பவே தெரியுமா உனக்கு?

மாப்ளே: தெரியும்.

மச்சான்: தெரிஞ்சும் வாயைத் திறக்கல. மேடம்கிட்டயும் சொல்லல?

மாப்ளே: கரைச்சு வெச்சது நடுவுலயே செத்துச்சு. ஏன்னு கேட்டாங்க. வாங்கின சரக்கு சரியில்ல போலன்னு சொன்னேன்.

மச்சான்: பொய் சொன்னியா? நீயா? சின்ன வயசுல நீ மாங்கா திருடினதை நீயே போய்த் தோட்டக்காரன்கிட்ட சொல்லுவியாமே. உங்கக்கா இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பா.

மாப்ளே: ம்.

மச்சான்: ...புரிஞ்சுபோச்சுடா.

மாப்ளே: என்ன புரிஞ்சுபோச்சு?

மச்சான்: எனக்காகத்தானே? என் பர்மனென்ட் ஆர்டருக்காக. ஃப்ரிட்ஜ்ல கரன்ட் இல்லன்னு நீ எழுதிக் குடுத்திருந்தா முதல் மெமோ எனக்குத்தான். ஃபைல் அன்னிக்கே மேஜையை விட்டு இறங்கியிருக்கும். அதனால உன் மூணு வருஷ வேலையை அடகு வெச்சுட்டு வாயை மூடிக்கிட்டிருந்திருக்க.

மாப்ளே: மச்சான், அது வந்து...

மச்சான்: பேசாத. ஒண்ணும் பேசாத நீ. கூடப் பொறந்தவன் பண்ணுவானாடா இப்படி? கல்யாணத்தப்ப உன்னை என்னவோன்னு நினைச்சேன். எலக்ட்ரீஷியனுக்கு அக்காவைக் குடுத்ததுல உனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்னு நினைச்சேன். மனசுக்குள்ள வெச்சிருந்தேன், சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்றேன், என்னை மன்னிச்சுடு.

மாப்ளே: ஐயோ, அப்படியெல்லாம் இல்ல மச்சான். கண்ணைத் தொடைங்க முதல்ல.

மச்சான்: எங்க என் ஃபோன்? குடு இங்க.

மாப்ளே: எதுக்கு?

மச்சான்: உங்கக்காகிட்ட சொல்லணும். உன் தம்பி எனக்காக எண்பது நாள் நெருப்புல நின்னிருக்கான்னு சொல்லணும். அப்புறம் நேரா ஆபீசர் ரூமுக்கு. தப்பு என்னுதுனு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். நீ எனக்காக இவ்வளவு பண்ணதுக்கு நான் இதையாவது பண்ண வேணாமா? ஆர்டர் வந்தா வரட்டும், போனா போகட்டும்.

மாப்ளே: ஃபோனைக் குடுக்க மாட்டேன்.

மச்சான்: விளையாடாத, குடு.

மாப்ளே: உக்காருங்க மச்சான்.

மச்சான்: அவ சந்தோஷப்படுவாடா...

மாப்ளே: உக்காருங்கன்னு சொல்றேன். இதுக்கு மேல நீங்க என்னைப் புகழ்ந்தா எனக்குத் தாங்காது.

மச்சான்: ஏன்? என்னடா? முகமெல்லாம் வெளுத்துப்போச்சு... நான் தப்பா எதாவது சொல்லிட்டேனா? எனக்காக இல்லேன்னா, பின்ன எதுக்குடா சும்மா இருந்த?

மாப்ளே: பதினோராவது நாள் உங்களுக்கு ஒரு ஃபோன் பண்ணியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை மச்சான். மெமோவும் வந்திருக்காது, யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கும் அது தெரியும். ஃபோனைக் கையில எடுத்தேன்... வெச்சுட்டேன். அப்ப என் பையில ஒரு லெட்டர் இருந்துச்சு. சோப்பு ஃபேக்டரியில வேலை, ரெண்டு மடங்கு சம்பளம். மூணு வருஷமா தோத்துத் தோத்து அலுத்துப்போச்சு. நானா விட்டுட்டுப் போனா ஓடிட்டான்னு சொல்லுவாங்க. இது தானா செத்துட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல? அதனால விட்டுட்டேன். உங்களுக்காக இல்ல. அது சாகட்டும்னு விட்டேன். தினமும் காலைல அந்த ஃப்ரிட்ஜைத் திறக்கறப்ப, செத்துச்சான்னு பார்க்கத்தான் திறந்தேன். கரைச்சு வெச்சது செத்துச்சு. படலத்துல இருந்தது சாகல. நாப்பதாவது நாள் ஒரு துண்டை எடுத்து மஞ்சத் தண்ணியில போட்டேன், இதோட முடிஞ்சுதுனு நினைச்சுத்தான் போட்டேன். அஞ்சே நிமிஷத்துல சிவந்துச்சு மச்சான். அவ்வளவு சூட்டையும் தாங்கிட்டு, நான் பார்த்துக்காமயே, அது பாட்டுக்கு அதோட வேலையைப் பார்த்துட்டிருந்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. அன்னிக்கு மத்தியானமே சோப்பு ஃபேக்டரிக்கு வரலன்னு எழுதிப் போட்டுட்டேன். அதுக்கப்புறம் கூடப் பிளக்கை மாத்தல, இன்னும் எவ்வளவு தாங்கும்னு பார்க்க ஆசை வந்துடுச்சு. இன்னிக்கு அது மஞ்சளாவே நின்னிருந்தா எனக்குப் போக்கிடமே இல்ல. வாங்க, ஆபீசர் ரூமுக்கு ரெண்டு பேருமே போவோம், நீங்க மூடியைச் சொல்லுங்க, நான் மீதியைச் சொல்றேன். நாப்பதாவது நாள் வரைக்கும் நான் அதுக்கு எதிரி. இந்த அம்பது நாளா அதோட கட்சி.